ஜீப்புக்கு டிரெய்லர் கொக்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜீப் வகை வண்டிகளுக்குப் பின்னால் டிரெய்லர் கொக்கி பொருத்துவது பற்றிக் குமரி மாவட்டத்தின் மலையோர ரப்பர் விளைகளிலிருந்தும் கடற்கரை ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பொருள் என்பதால், இம்முறை வேறு கேள்விகளைத் தள்ளிவைத்து இதற்கு மட்டும் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு ரப்பர் விளையோடு தேனீப் பெட்டிகளும் உண்டு. என்னுடைய ஃபோர் வீல் ஜீப்பில் ஒரு சிறு டிரெய்லரை இணைத்து, ரப்பர் ஷீட்டுகளையும், தளிர் விடும் காலத்தில் தேனீப் பெட்டிகளையும் பேச்சிப்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொண்டுபோக விரும்புகிறேன். பின் பம்பரில் ஒரு தகடு வைத்துக் கொக்கியை அரை நாளில் பற்றவைத்துத் தருவதாக வெல்டிங் பட்டறையில் சொல்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? — வாசகர், குலசேகரம்

பதில்: செய்யக் கூடாது. பம்பர், சிறிய மோதலைத் தாங்கி நசுங்குவதற்காக மெல்லிய தகட்டாலோ பிளாஸ்டிக்காலோ செய்யப்பட்டு, ஒரு சில போல்ட்டுகளால் வண்டியோடு பிடிக்கப்பட்டிருக்கும் பகுதி. டிரெய்லரை முன்னோக்கி இழுக்கும் விசையை அது சில நாள் தாங்கக்கூடும். ஆனால் வண்டி குழியில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் டிரெய்லரின் முன்பகுதி கொக்கியை மேலும் கீழுமாக அசைத்து முறுக்குகிறது. தகட்டை மெல்ல மெல்லக் கிழிப்பது அந்த அசைவுதான். பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் தோன்றி, பெயின்டுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, ஒரு நாள் இறக்கத்தில் கொக்கி தனியாகக் கழன்றுவிடும்.

முதலில் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து, உங்கள் மாடலுக்கு எவ்வளவு எடையை இழுக்க அனுமதி தரப்பட்டுள்ளது என்று பாருங்கள். இழுக்கவே கூடாது என்று எழுதியிருந்தால் அதோடு இந்த எண்ணத்தை விட்டுவிடுவதே சரி. எடை தரப்பட்டிருந்தால், பெரும்பாலும் பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் அளவும் பிரேக் இல்லாததற்கு வேறோர் அளவும் இருக்கும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதன்று. ஆஸ்திரேலியாவில் விற்கப்படும் சுசூகி ஜிம்னிக்குப் பிரேக் உள்ள டிரெய்லர் 1,300 கிலோ வரை என்றும், பிரேக் இல்லாதது 350 கிலோ வரை மட்டுமே என்றும் அளவு தரப்பட்டிருக்கிறது. எஞ்சினால் எவ்வளவு இழுக்க முடியும் என்பதைக் காட்டிலும், இழுத்த எடையை நான்கு சக்கரங்களால் நிறுத்த முடியுமா என்பதே இங்கே கேள்வி. நீங்கள் பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்ற இறக்கங்களில் போகப்போகிறவர் என்பதால், சிறிய எண்ணையே உங்களுக்குரிய வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தார், பொலிரோ, கூர்க்கா, ஜிம்னி ஆகியவை ஏணி வடிவச் சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் கட்டப்பட்ட வண்டிகள். கொக்கியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் அந்தச் சேசிஸின் இடது வலது நீளச் சட்டங்கள் இரண்டையும் பிடித்திருக்க வேண்டும். நடுவில் உள்ள குறுக்குக் குழாயை மட்டும் பிடித்தால் போதாது. உங்கள் மாடலுக்கென்றே அளவெடுத்துச் செய்த கொக்கி கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். அது பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே போடப்பட்ட துளைகளில் அமரும்; சேசிஸில் புதிதாக எதையும் செய்ய வேண்டியிராது.

புதிதாகத் துளையிட்டே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், எங்கே துளையிடுகிறார்கள் என்பதை அருகில் நின்று கவனியுங்கள். வண்டி சுமையோடு வளையும்போது நீளச் சட்டத்தின் மேல் முகமும் கீழ் முகமும்தான் மிகுந்த இழுவிசைக்கும் அழுத்தத்துக்கும் ஆளாகின்றன. பக்கவாட்டு முகத்தின் நடு உயரத்தில் அது மிகக் குறைவு. எனவே துளை பக்கவாட்டு முகத்தின் நடுப்பகுதியில் இருக்க வேண்டும். மேலேயும் கீழேயும் ஒருபோதும் கூடாது. சட்டம் பெட்டி வடிவில் உள்ளே வெற்றிடமாக இருந்தால், போல்ட்டை இறுக்கும்போது இரு சுவர்களும் உள்நோக்கி ஒடுங்கும். அதைத் தடுக்க, போல்ட் நுழையும் அளவில் கனமான இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் சரியான நீளத்தில் வெட்டி உள்ளே வைக்க வேண்டும். பட்டறைகளில் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை இது. இந்தக் குழாய் இல்லாமல் இறுக்கிய போல்ட், அன்று எவ்வளவு இறுக்கமாகத் தோன்றினாலும், சுவர் ஒடுங்க ஒடுங்கத் தளர்ந்துகொண்டே போகும்.

சேசிஸில் நேரடியாக வெல்டிங் செய்வதையும் தவிர்த்துவிடுங்கள். வெப்பம் பட்ட இடத்தில் இரும்பின் இயல்பு மாறிவிடுகிறது. பிரேக் குழாய், மின்கம்பி, எரிபொருள் தொட்டி எல்லாம் அதே பகுதியில்தான் இருக்கின்றன. கொக்கியின் சட்டத்தைத் தனியாக மேசையில் வைத்துப் பற்றவைக்கட்டும். அதை வண்டியோடு சேர்ப்பது போல்ட்டாகவே இருக்கட்டும்.

போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். 8.8 என்றால் அந்த இரும்பு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் வரை அறுந்துபோகாமல் தாங்கும் என்றும், அதில் 80 விழுக்காடான 640 வரை நிரந்தரமாக நீண்டுபோகாது என்றும் பொருள். கடற்காற்றுக்கு அஞ்சி நம் மாவட்டத்தில் பலர் ஸ்டெயின்லெஸ் போல்ட்டை விரும்பிப் போடுகிறார்கள். சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ் போல்ட் 450 நியூட்டனிலேயே நீளத் தொடங்கிவிடும் என்பதால் கொக்கிக்கு அது ஏற்றதன்று. துத்தநாகப் பூச்சுள்ள 8.8 போல்ட்டை வாங்கி, ஆண்டுதோறும் துருவைப் பாருங்கள். நைலான் வளையம் உள்ள நட்டைக் கழற்றினால் மறுபடி பயன்படுத்தாமல் புதிதாகப் போடுங்கள். முறுக்குவிசை காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் இந்த வேலையைச் செய்யக் கொடுக்காதீர்கள். கொக்கி செய்தவர் அளவு தந்திருந்தால் அதுவே முடிவு. தரவில்லையென்றால் எண்ணெயிடாத 12 மில்லிமீட்டர் 8.8 போல்ட்டுக்கு ஏறக்குறைய 80 நியூட்டன் மீட்டர் என்பது வழக்கமான அளவு. தகடும் சேசிஸும் ஒட்டும் முகத்தில் பெயின்ட் தடித்து இருந்தால் அது நசுங்கி இறுக்கம் குறையும் என்பதால், அங்கே மெல்லிய பூச்சு போதும். முதல் சில நாள் சுமை இழுத்த பிறகு எல்லா போல்ட்டுகளையும் மறுபடி ரெஞ்ச் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனிச் சுமையை எப்படி ஏற்றுவது என்று பார்ப்போம். டிரெய்லரின் முன்முனை கொக்கியின் மேல் கீழ்நோக்கி அழுத்தும் எடை, டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். அதை அளக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, உடல் எடை பார்க்கும் மெஷினின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் கப்ளரை, அதாவது கொக்கியைக் கவ்வும் டிரெய்லரின் முன்முனைப் பூட்டை, இறக்கினால் போதும். இந்த எடை வண்டிக்குள் எப்படிப் பகிரப்படுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,450 மில்லிமீட்டர் உள்ள தார் வண்டியில், கப்ளர் கவ்வும் இரும்பு உருண்டையான கொக்கியின் குண்டு, பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். குண்டின் மேல் 60 கிலோ அழுத்தினால், பின் அச்சின் மேல் ஏறுவது ஏறக்குறைய 84 கிலோ. முன் அச்சிலிருந்து குறைவது 24 கிலோ. மழையில் நனைந்த ஏற்றத்தில் ஸ்டியரிங் இலேசாவது இதனால்தான். எனவே குண்டைப் பம்பரிலிருந்து தேவைக்கு மேல் நீட்டிவைக்காதீர்கள்.

தேனீப் பெட்டிகளைப் பொறுத்தவரை, வெற்று டிரெய்லர் கனத்த பட்டை ஸ்பிரிங்கில் துள்ளும் என்பதையும், பாதி ஏற்றிய டிரெய்லரும் அப்படியே துள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டிகளை அச்சுக்குச் சற்று முன்னால் தாழ்வாக அடுக்கி, பட்டையால் கட்டி, அந்தி சாய்ந்து தேனீக்கள் அடங்கிய பிறகு மெதுவாகப் போங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியரிலோ அதற்கும் கீழான கியரிலோ இறங்குங்கள். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தினால் டிரெய்லர் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளித் திருப்பிவிடும்.

கேள்வி: டிராக்டரில் இருப்பது போல ஊசியும் வளையமும் போட்டால் போதாதா? குண்டு வைத்த கொக்கிதான் வேண்டுமா? குண்டில் அளவு வேறுபாடு உண்டா? — வாசகர், தக்கலை

பதில்: டிராக்டரின் ஊசிக்கும் வளையத்துக்கும் இடையே தாராளமான இடைவெளி இருக்கும். மெதுவாகப் போகும் டிராக்டருக்கு அது பொருந்தும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜீப்பில் ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அது சுத்தியலாக அடிக்கும்.

குண்டின் அளவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐரோப்பிய முறையில் குண்டு 50 மில்லிமீட்டர். அமெரிக்க முறையில் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர், அதே அமெரிக்க முறையில் 47.6 மில்லிமீட்டர் குண்டும் உண்டு. 47.6 குண்டின் மேல் 50 கப்ளர் பூட்டிக்கொண்டது போலவே தோன்றும். முதல் வேகத்தடையில் எகிறிக் கழன்றுவிடும். எனவே குண்டையும் கப்ளரையும் ஒரே அளவில் வாங்குங்கள். இரண்டிலும் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். 50 மில்லிமீட்டர் குண்டு தேய்ந்து எந்தப் பக்கத்திலாவது 49 ஆகிவிட்டால் மாற்ற வேண்டும் என்பது தயாரிப்பாளர்கள் வகுத்திருக்கும் வரம்பு. லேத் பட்டறையில் வெர்னியர் வைத்து அளந்து தருவார்கள்.

மேடு பள்ளம் மிகுந்த தோட்டப் பாதையில் மட்டுமே ஓட்டுவீர்கள் என்றால், குண்டு வகைக் கப்ளர் ஏறத்தாழ 20 பாகைக்கு மேல் சாய்வைத் தாங்காது என்பதைக் கவனத்தில் வையுங்கள். அதற்கு மேல் சாய்ந்தால் கப்ளர் குண்டைக் கவ்விப் பிடித்து டிரெய்லரின் ஏர்க்காலை (முன்னே நீளும் இழுவைச் சட்டத்தை) முறுக்கும். இராணுவ ஜீப்புகளில் காணப்படும், டிரெய்லரின் வளையத்தைத் தாடை போல மூடிப் பூட்டும் பின்டில் கொக்கி அத்தகைய பாதைக்கு ஏற்றது. தார்ச் சாலையில் சத்தம் போடும் என்பது மட்டுமே அதன் குறை.

எந்த வகையானாலும், இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் சங்கிலியின் மேல் விழும்.

கேள்வி: சிறிய பைபர் வள்ளத்தை எஞ்சினோடு டிரெய்லரில் ஏற்றிப் பழுதுபார்க்கக் கொண்டுபோக வேண்டும். டிரெய்லர் ஒரு பக்கம் ஆடுகிறது. கடல் நீரில் இறங்குவதால் என்னென்ன கவனிக்க வேண்டும்? — வாசகர், தேங்காப்பட்டணம்

பதில்: ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் வள்ளத்தின் பின்முனையில் தொங்கும் எஞ்சின். அதன் எடை முழுவதும் டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் இருப்பதால் முன்முனை இலேசாகி, கொக்கியை அழுத்துவதற்குப் பதிலாகத் தூக்கப் பார்க்கிறது. மேலே சொன்ன முறையில் முன்முனை எடையை எஞ்சினோடும், எஞ்சினைக் கழற்றியும் அளந்து பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும். எஞ்சினைக் கழற்றி ஜீப்புக்குள் வைத்துக்கொள்வது எளிய வழி. அது முடியாதென்றால் வள்ளத்தை முன்னோக்கி நகர்த்தி, அணியம் (வள்ளத்தின் முன்முனை) முட்டி நிற்கும் தூணையும் முன்னே மாற்றுங்கள், அல்லது அச்சையே பின்னுக்குத் தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். பெட்ரோலையும் வலையையும் நங்கூரத்தையும் வள்ளத்தின் பின்பக்கம் போட்டுவிட்டுப் புறப்படாதீர்கள். மொத்த எடையை எடை மேடையில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். மனக்கணக்கில் வரும் எடை எப்போதும் குறைவாகவே இருக்கும்.

கடல் நீரைப் பொறுத்தவரை, ஓடிச் சூடான சக்கரத்தை அப்படியே நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சீலைத் தாண்டி உப்புநீரை பேரிங்குக்குள் இழுத்துவிடும். கரையில் நிறுத்திக் கை வைத்துப் பார்த்து, ஆறிய பிறகு இறக்குங்கள். நீரில் கரையாத மரைன் கிரீஸ் போடுங்கள். டிரெய்லர் விளக்கின் பிளக்கை இறங்குமுன் கழற்றிவிடுங்கள். திரும்பியதும் நல்ல தண்ணீரால் டிரெய்லரையும் ஜீப்பின் அடிப்பகுதியையும், பெட்டி வடிவச் சட்டத்தின் துளைகளுக்குள்ளும் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கொக்கி, சதுரக் குழாயில் நுழைத்து ஊசியிட்டுக் கழற்றி மாட்டும் வகை என்றால், பயன்படுத்தாத நாளில் கழற்றி, ஊசிக்கும் குழாய்க்கும் கிரீஸ் தடவி வையுங்கள்; கடற்கரையில் ஒரு மழைக்காலம் அப்படியே விட்டால் அது துருவேறிக் குழாயோடு ஒன்றாகிவிடும். கழற்றிவைப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: தார் வண்டி பின்னால் ஏறத்தாழ 37 பாகைச் சரிவு வரை தட்டாமல் இறங்கும் என்பது, நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியால் வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

கேள்வி: காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் வரும் வழியில், ஆனி ஆடிக் காற்றில் டிரெய்லர் வால் போல ஆடியது. ஓட்டும்போது அப்படி நேர்ந்தால் என்ன செய்வது? — வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: முப்பந்தலில் காற்றாலைகளை நிரப்பியிருக்கும் அதே கணவாய்க் காற்றுதான் உங்கள் டிரெய்லரையும் தள்ளுகிறது. ஆட்டம் தொடங்கியதும் ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பாதீர்கள். பிரேக்கையும் ஓங்கி அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், வேகம் குறையக் குறைய ஆட்டம் தானாக அடங்கும். வேகத்தைக் கூட்டி ஆட்டத்தை நிறுத்தலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். வேகம் ஏற ஏற ஆட்டம் வலுக்கும். பிறகு ஓரமாக நிறுத்தி, சுமை பின்னுக்கு நகர்ந்திருக்கிறதா, டயர்களில் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே புறப்படுங்கள். தார்ப்பாயை உயரமாகக் கட்டிய டிரெய்லரைத் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் காலையிலேயே கணவாயைக் கடக்கவைப்பது நல்லது.

கேள்வி: கொக்கிக்கும் டிரெய்லருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டுமா? — வாசகர், மார்த்தாண்டம்

பதில்: 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் வாகனம் என்பதற்குத் தரும் வரையறைக்குள் டிரெய்லரையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே பொதுச் சாலையில் ஓடும் டிரெய்லருக்குப் பதிவும் மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். 61ஆம் பிரிவின்படி பதிவு குறித்த விதிகள் டிரெய்லருக்கும் பொருந்தும். இழுக்கும் வண்டியின் பதிவு எண்ணும் டிரெய்லரில் காணப்பட வேண்டும். கொக்கியைப் பற்றிய கேள்வி 52ஆம் பிரிவோடு தொடர்புடையது. தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ளவற்றுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதிப்படுத்தியது. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்கு அடிக்கடி போய்வருகிறவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டிரெய்லரைச் செய்து முடித்துவிட்டு அனுமதி கேட்பது பணத்தை வீணாக்கும். வரைபடம், உத்தேச எடை, கையேட்டில் உள்ள இழுவை அளவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, உங்கள் வண்டி டி.என்.74 என்றால் நாகர்கோவிலிலும், டி.என்.75 என்றால் மார்த்தாண்டத்திலும் உள்ள மோட்டார் வாகன ஆய்வாளரை முதலிலேயே சந்தியுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை எழுத்திலேயே வாங்கிவையுங்கள்.

கேள்வி: சேற்றில் சிக்கும் வண்டிகளைக் கொக்கியின் குண்டில் கயிற்றை மாட்டி இழுக்கலாமா? — வாசகர், கீரிப்பாறை

பதில்: தயவுசெய்து ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். குண்டு, சீராக உருளும் டிரெய்லரின் சுமைக்காகச் செய்யப்பட்டது. சேற்றில் புதைந்த வண்டியை வெட்டி இழுக்கும்போது எழும் விசை அதைப் பல மடங்கு தாண்டும். குண்டின் கழுத்து முறிந்தால், நீண்டு முறுக்கேறிய கயிறு அந்த இரும்பை எதிர் வண்டியின் கண்ணாடிக்குள் எறியும். வெளிநாடுகளில் இப்படி உயிரிழந்தவர்கள் உண்டு. குண்டுள்ள நாக்கைக் கழற்றிவிட்டு, அதே சதுரக் குழாயில் நுழையும் ஷாக்கிள் (ஊசியிட்டுப் பூட்டும் வளைந்த இரும்பு வளையம்) கட்டையை ஊசியிட்டுப் பொருத்தி, எடை அளவு பொறித்த ஷாக்கிளில் பெல்ட்டை மாட்டுங்கள். பெல்ட்டின் நடுவில் ஒரு நனைந்த சாக்கைப் போட்டு, வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தூரத்துக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டிரெய்லர் விளக்குகளுக்கு வண்டியின் பின் விளக்குக் கம்பியிலேயே இணைப்பு எடுக்கலாமா? — வாசகர், குளச்சல்

பதில்: பழைய பல்பு வண்டிகளில் அது ஒருவாறு நடக்கும். இப்போதைய வண்டிகளில் கணினி விளக்குச் சுற்றையே கண்காணிப்பதால், கூடுதல் சுமை ஏறினால் இண்டிகேட்டர் வேகமாகத் துடிக்கும் அல்லது எச்சரிக்கை விளக்கு எரியும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த தனிக் கம்பி எடுத்து, ரிலே மாட்யூல் (வண்டியின் விளக்குச் சுற்றில் சுமை ஏறாமல் டிரெய்லர் விளக்குகளை இயக்கும் பெட்டி) வழியாக இணைப்பதே முறை. ஐரோப்பிய முறை ஏழு முனைப் பிளக்கில் மஞ்சள் இடது இண்டிகேட்டருக்கு, பச்சை வலது இண்டிகேட்டருக்கு, சிவப்பு பிரேக் விளக்குக்கு, கறுப்பும் பழுப்பும் இடது வலது பின் விளக்குகளுக்கு, நீலம் மூடுபனி விளக்குக்கு, வெள்ளை எர்த்துக்கு. இந்த வெள்ளைக் கம்பியைச் சிலர் விட்டுவிட்டு, குண்டும் கப்ளரும் தொடுவதையே எர்த்தாக நம்புகிறார்கள். குண்டில் கிரீஸும் துருவும் இருக்கும்போது விளக்குகள் விட்டுவிட்டு எரிவதற்கு அதுவே காரணம். வெள்ளைக் கம்பியைச் சேசிஸில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் தனி போல்ட்டால் இறுக்கி, மேலே கிரீஸ் பூசிவிடுங்கள்.